ஃபோனோ இன்புட் இருக்கா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாரக்கடைசிகளில் கல்யாண மண்டபங்களில் பாட்டுப் போடுகிறவன் நான். இது தெரிந்த சொந்தக்காரப் பையன்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, எந்த கண்ட்ரோலர் வாங்கலாம்?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "வீட்டில் ரெக்கார்டு ஏதாவது இருக்கா?" இல்லை என்றால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். லேப்டாப்பில் செருகும் சின்ன கண்ட்ரோலர் எதை வாங்கினாலும் தொழில் கற்றுக்கொள்ளலாம். இருக்கிறது என்றால் உட்கார வைத்துத்தான் பேச வேண்டும். இந்தக் கட்டுரை அப்படி உட்கார வைக்க வேண்டிய ஆட்களுக்கு.

சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு பழைய தமிழ் வீட்டில் ரெக்கார்டுப் பெட்டி இருந்தால், அது ஒழுங்கான தொகுப்பாக இருக்காது. அதற்குக் காரணம் உண்டு. 1946-இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்டது. நிறவெறி ஆட்சியின் கடைசிக் காலம்வரை அந்தத் தடை நீடித்தது. இரு நாடுகளுக்கும் தூதரக உறவு வந்ததே 1993-இல்தான். சென்னையில் வெளியான தட்டு நேராக டர்பன் துறைமுகத்தில் வந்து இறங்க வழியில்லை. என் பெரியப்பாவின் தட்டுகளில் பெரும்பாலானவை லண்டன் போய்வருகிறவர்களிடம் பெயரை எழுதிக் கொடுத்து வரவழைத்தவை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கதை வைத்திருந்தார். கேட்காமல் தொட்டால் திட்டும் வைத்திருந்தார்.

அந்தப் பெட்டியில் எச்எம்வி, கொலம்பியா, ஓடியன் முத்திரை போட்ட 7 அங்குல ஈ.பி.க்கள், கொஞ்சம் எல்.பி.க்கள், அடியில் கனமான 78 சுற்று அரக்குத் தட்டுகள். அவற்றின் மேலேயே சித்தப்பா மகன் 1990-களில் வாங்கிச் சேர்த்த 12 அங்குல ஹவுஸ் நடன இசைத் தட்டுகளும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கல்யாணத்துக்கு இவை எல்லாமே வேண்டும். பிரியாணி பரிமாறும்போது டி.எம்.எஸ்., சுசீலா. சாப்பாட்டுத் தட்டு எடுத்த பிறகு குத்து. அப்புறம் மணப்பெண்ணின் தோழிகள் அமாபியானோ, க்வோம் என்று இந்த நாட்டு ஆட்ட இசையைக் கேட்டு வந்து நிற்பார்கள். க்வோம் பிறந்ததே இந்த ஊர் டவுன்ஷிப்புகளில், அதைப் போடாமல் வீட்டுக்குப் போக முடியுமா?

இந்த மாதிரி கலந்துகட்டிய ராத்திரிக்கு, காசின் பெரும்பகுதி மிக்சருக்கும் ஊசிக்கும் போக வேண்டும் என்பது என் கட்சி. கடைக்காரர்கள் நேர்மாறாகச் சொல்வார்கள். திரை, வண்ண விளக்கு, விரலால் தட்டும் எட்டு பேட் உள்ள பெட்டியைத்தான் முன்னால் எடுத்து வைப்பார்கள். நான் அதைப் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பேன். 'ஃபோனோ' என்று எழுதிய இன்புட் இருக்கிறதா, பக்கத்தில் தரைக்கம்பி மாட்டும் திருகு இருக்கிறதா?

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். ஊசியிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகச் சின்னது. ஊசியைத் தாங்கும் டிஜே கார்ட்ரிட்ஜ்களில் அது சில மில்லிவோல்ட்தான். சிடி பிளேயரோ 2 வோல்ட் வரை தரும். அளவு மட்டும் பிரச்சினை இல்லை. தட்டை வெட்டும்போதே பேஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். பேஸை உள்ளபடி வெட்டினால் பள்ளம் அகலமாகி, ஒரு பக்கத்தில் கொஞ்ச நேரப் பாட்டுதான் அடங்கும். ட்ரெபிளைக் கூட்டி வெட்டி, கேட்கும்போது திருப்பிக் குறைத்தால் தட்டின் இரைச்சலும் கூடவே குறையும். 1950-களில் எல்லாக் கம்பெனிகளும் ஒத்துக்கொண்ட ஆர்ஐஏஏ அளவு இதுதான்: 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபெல் கீழே, 20 கிலோஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபெல் மேலே. ஃபோனோ இன்புட் செய்வது இதைத் தலைகீழாக்கி, கூடவே ஒலியை, சிடி பிளேயர் போன்றவை தரும் 'லைன்' அளவுக்குப் பெருக்குவது.

டர்ன்டேபிளை லைன் இன்புட்டில் செருகினால் பேஸ் இல்லாத, மெலிந்த சத்தம் தூரத்தில் கேட்கும். இதே வேலையைச் செய்யும் ப்ரீஆம்பை உள்ளேயே வைத்த டர்ன்டேபிளை ஃபோனோவில் செருகினால் கரகரவென்று உடைந்து வரும். ஆடியோ டெக்னிகா எல்பி120எக்ஸ் போன்றவற்றின் பின்னால் இதற்கென்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. அதை யார் எப்போது தள்ளிவிட்டார்கள் என்று தெரியாமல் மண்டபத்தில் முழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பயனியரின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 பழகுவதற்கு நல்ல பெட்டி. ஆனால் அதில் டர்ன்டேபிள் மாட்ட இடமே கிடையாது. எக்ஸ்டிஜே-ஆர்எக்ஸ்3 போன்ற பெரிய பெட்டியில் ஃபோனோவுக்கும் லைனுக்கும் மாற்றிக்கொள்ளும் இன்புட்டுகள் உண்டு. யுஎஸ்பி ஸ்டிக்கும் ரெக்கார்டும் லேப்டாப் இல்லாமலே ஒரே இடத்தில் சேரும். என்னைக் கேட்டால், மிக்சர் தனியாக இருப்பது நல்லது. டிஜேஎம்-450 மாதிரி இரண்டு சேனல் மிக்சரே பலருக்குப் போதும்; அதில் ஃபோனோ இன்புட்டும் உண்டு, லேப்டாப்போடு பேச சவுண்டுகார்டும் உள்ளேயே உண்டு. ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் ரிப்பேருக்குக் கொடுக்கலாம். எல்லாம் ஒரே பெட்டியாக இருந்து சனிக்கிழமை மதியம் அது படுத்தால் என்ன செய்வது?

மிக்சரில் இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன்: ஒவ்வொரு சேனலுக்கும் தனி ட்ரிம் (உள்ளே வரும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு), அதற்குப் பக்கத்தில் தனி மீட்டர். 1960-களின் ஈ.பி.க்கும் இன்றைய கோப்புக்கும் சத்த அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இன்றைய பாட்டு எப்போதும் உச்சியிலேயே இருக்கும். பழைய பாட்டில் பல்லவிக்கு முன் ஒரு புல்லாங்குழல் மெல்ல வரும், திடீரென்று வயலின் கூட்டம் முழுவதும் எழும். காதை மட்டும் நம்பி ட்ரிம்மைத் திருகினால் அந்த வயலினில் ஸ்பீக்கர் அலறும். மீட்டரைப் பார்த்து, பாட்டின் சத்தமான இடத்தை ஹெட்போனில் முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

அந்தக் காலத்து ஈ.பி.க்கள் பெரும்பாலும் மோனோ, அதாவது இடது வலது இரண்டிலும் ஒரே ஒலி. மோனோ தட்டில் ஊசி பக்கவாட்டில் மட்டும்தான் அசைய வேண்டும். மேலும் கீழுமான அசைவில் வருவது வெறும் தூசியும் தேய்மானமும். இடது வலது இரண்டையும் ஒன்றாக்கினால் மேல்கீழ் அசைவின் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். சில மிக்சர்களில் இதற்கு மோனோ சுவிட்ச் உண்டு. பெரியப்பா வீட்டுத் தட்டுகளில் இதைச் செய்தபோது கீறல் சத்தம் பாதியாகக் குறைந்தது போல இருந்தது. வாங்கும்போது யாரும் கேட்காத வசதி இது, எனக்கு எட்டு பேட்டையும்விட உபயோகமானது.

டர்ன்டேபிளுக்கு வருவோம். டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகச் சுற்றுவது), பிட்ச் ஃபேடர் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் தள்ளும் கட்டை), இரண்டும் இல்லாமல் டிஜே வேலை இல்லை. பெல்ட் டிரைவில் தட்டைக் கையால் பிடித்து விட்டால் வேகம் திரும்ப நேரமாகும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 1972-இல் வந்தது. இன்று எல்லோரும் மனதில் வைத்திருக்கும் எம்கே2 1979-இல். 2010-இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். 2016-இல் அந்தப் பெயர் விலையுயர்ந்த வடிவில் திரும்பி வந்தது. டிஜேக்களுக்கான எம்கே7 2019-இல். நடுவில் அந்த வெற்றிடத்தை நிரப்ப 2014-இல் வந்தது பயனியரின் பிஎல்எக்ஸ்-1000. சுழற்றும் விசையில் அது பழைய டெக்னிக்ஸைவிட வலுவானது. பின்னால் ஆர்சிஏ ஒயரையும் கரண்ட் ஒயரையும் கழற்றி மாற்றலாம். மண்டபம் மண்டபமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறவனுக்கு அந்த ஒயர் சமாச்சாரம் பெரிய நிம்மதி. பழைய டெக்னிக்ஸில் ஒயர் அறுந்தால் அடித்தட்டைத் திறந்து பற்றவைக்க வேண்டும்.

பழைய டெக்னிக்ஸ் வாங்குவதானால் நான் பார்ப்பவை இவை. பிட்ச் ஃபேடரை நடுவில் வைத்து, ரெக்கார்டைத் தாங்கிச் சுழலும் உலோகத் தட்டின் ஓரத்தில் உள்ள பெரிய புள்ளிகள் சிவப்பு விளக்கில் அசையாமல் நிற்கின்றனவா என்று பார்ப்பேன். ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மைச் சமன் செய்து காற்றில் மிதக்க விட்டால் அது எங்கும் சிக்காமல் மிதக்க வேண்டும். அதன் முனையில் உள்ள ஹெட்ஷெல்லை மெல்ல ஆட்டினால் பேரிங்கில் தளர்வு தெரியக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் வோல்டேஜைப் படிக்க வேண்டும். ஜப்பான் சந்தைக்காகச் செய்தவை 100 வோல்ட். நம் சுவரில் வருவது 230. இரண்டுக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் விளைவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர் தடித்த மூன்று உருண்டைப் பின் பிளக்கை யாரோ மாட்டிவிட்டார்கள் என்பதற்காக உள்ளே இருப்பது 230 ஆகிவிடாது.

ஊசியில் சிக்கனம் பிடிப்பவர்களிடம்தான் எனக்குக் கோபம் வரும். ஆயிரக்கணக்கான ராண்டுக்கு ஸ்பீக்கர் வாங்குவார்கள், ஊசி மட்டும் டர்ன்டேபிளோடு வந்ததே ஓடிக்கொண்டிருக்கும். தேய்ந்த ஊசி ஒவ்வொரு தடவையும் பள்ளத்தைச் செதுக்கிக்கொண்டே போகிறது, தட்டு திரும்பி வராது. டிஜேக்கள் பலரும் நம்பியிருந்த ஷூர் எம்44-7 இப்போது புதிதாகக் கிடையாது. ஷூர் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே விட்டுவிட்டது. ஆர்டோஃபோன் கான்கார்ட் வரிசை பரவலாகக் கிடைக்கிறது. ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம். ஊசி தட்டை அழுத்தும் எடையை அந்த மாடலுக்குச் சொன்ன அளவில் வைக்க வேண்டும், டிஜே ஊசிகளுக்கு அது பெரும்பாலும் 3, 4 கிராம் பக்கத்தில் இருக்கும். தட்டு குதிக்கிறது என்று எடையை ஏற்றிக்கொண்டே போவது தட்டைக் கொல்லும் வழி. குதிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மேடையில் இருக்கும்.

78 சுற்றுத் தட்டுகளுக்குத் தனி ஊசி வேண்டும். சாதாரண எல்.பி. ஊசியின் முனை 18 மைக்ரான் அளவு. அரக்குத் தட்டின் அகன்ற பள்ளத்துக்கு 75 மைக்ரான் பக்கம் வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் உருண்டு, அழுக்கை மட்டும் வாசிக்கும். எம்கே7, எல்பி120எக்ஸ் இரண்டிலும் 78 வேகம் இருக்கிறது. ஆனால் அரக்குத் தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து மிக்ஸ் செய்யக் கூடாது, உடையும். வீட்டில் ஒருமுறை ஒழுங்காகப் பதிவு செய்து, மேடையில் கோப்பாகப் போடுவதுதான் மரியாதை.

இனி, கருவியைவிட முக்கியமான ஒரு விஷயம்: தாளம். பழைய திரைப்பாடல்களை இசைக்குழு மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்தார்கள். காதில் டிக் டிக் என்று கணக்குச் சொல்ல கம்ப்யூட்டர் இல்லை. சரணத்தில் தபலாக்காரர் கொஞ்சம் உற்சாகமாவார், பாட்டு முந்தும். பல்லவிக்குத் திரும்பும்போது இறங்கும். இந்தப் பாட்டை மென்பொருளில் போட்டால், அது ஒரே வேகம் என்று நினைத்துக் கட்டம் போட்டுக் காட்டும். இரண்டு பாட்டின் வேகத்தையும் தானே பொருத்தும் சிங்க் பட்டனை நம்பி ஹவுஸ் பீட்டோடு சேர்த்தால் எட்டு சுற்றுக்குள் இரண்டும் ஒன்றின் காலை ஒன்று மிதிக்கும். போதாததற்கு நம் குத்துப் பாட்டில் பாதி திஸ்ரம், மூன்று மூன்றாக எண்ணுவது. ஹவுஸ் முழுக்க சதுஸ்ரம், நான்கு நான்காக. மென்பொருளுக்கு இந்த வித்தியாசம் புரிவதில்லை. வேகத்தை நிமிடத்துக்கு 90 அடி என்றும் 135 என்றும் மாற்றி மாற்றிக் காட்டும். இங்கே வேலை செய்வது காதும், பிட்ச் ஃபேடரில் இருக்கும் விரலும்தான். அதனால்தான் பிட்ச் ஃபேடர் நீளமாக, வழுக்கிக்கொண்டு போகாமல் இருக்க வேண்டும் என்கிறேன்.

ரெக்கார்டில் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் கூடும். சுமார் 6 சதவீதத்துக்கு அரை ஸ்வரம். டெக்னிக்ஸின் 8 சதவீத எல்லைக்குள் 112 வேகப் பாட்டை 103-இலிருந்து 121 வரை கொண்டுபோகலாம், ஆனால் அந்த ஓரங்களில் பாடகர் வேறு ஆளாகிவிடுவார். ஹவுஸ் தட்டில் இதை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். டி.எம்.எஸ். குரலில் செய்து பாருங்கள். ஒரு கல்யாணத்தில் முன்வரிசை ஆயா ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அவருக்குத் தொண்டையில என்ன ஆச்சு?" என்று கேட்டார். மேலே போனது 5 சதவீதம்தான். அவர் காது அவ்வளவு சுத்தம்.

இந்த இடத்தில்தான் டிவிஎஸ், அதாவது நிஜத் தட்டைக் கொண்டு லேப்டாப் கோப்பை ஓட்டும் முறை, கைகொடுக்கிறது. டைம்கோடு தட்டு என்று ஒன்று விற்கிறார்கள். அதில் பாட்டு இருக்காது, கீச்சென்று ஒரு ஒலி மட்டும். செராட்டோ தட்டில் அது 1 கிலோஹெர்ட்ஸ். அந்த ஒலியின் வேகம் தட்டு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்கிறது. இடது, வலது சேனல்களுக்கு நடுவே உள்ள முன்பின் வித்தியாசம் எந்தத் திசை என்று சொல்கிறது. ஊசி எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் அதிலேயே பதிந்திருக்கிறது. லேப்டாப் இதைப் படித்து உங்கள் கோப்பை அதே மாதிரி ஓட்டுகிறது. கீலாக் போட்டால் வேகம் மாறும், சுருதி மாறாது. ஆயாவிடம் மறுபடி மாட்ட மாட்டீர்கள்.

அதனால் என் பழக்கம் இப்படி: கிடைக்காத ஈ.பி.க்கள், 78-கள் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழுவி, 24 பிட்டில் பதிவு செய்து, ஃபிளாக் கோப்பாக வைத்துக்கொள்வது. மேடையில் அவை டைம்கோடு தட்டில் ஓடும். மாற்று வாங்க முடிகிற 12 அங்குலத் தட்டுகள் மட்டும் நிஜமாகவே பெட்டியில் வரும். இரண்டுக்கும் ஒரே டர்ன்டேபிள், ஒரே மிக்சர், ஒரு சுவிட்ச் வித்தியாசம். "இதுக்கு ஒரு கண்ட்ரோலரே போதுமே" என்பார்கள். போதும்தான். எனக்குத் தட்டைத் தொடுவது பிடிக்கும், அவ்வளவுதான் காரணம்.

கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. டர்பன் கோடையின் ஈரத்தில் அட்டை உறைகள் பூஞ்சை பிடிக்கும், தட்டிலும் வெள்ளைப் புள்ளி விழும். வினைலுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரும் மென்மையான துணியும் போதும். ஸ்பிரிட் கலந்த எதையும் அரக்குத் தட்டின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் ஹெட்ஷெல்லின் சின்னப் பின்களும் ஆர்சிஏ முனைகளும் உப்புக் காற்றில் மங்கும். ஒரு சேனல் அவ்வப்போது காணாமல் போனால் மிக்சரைத் திட்டும் முன் அதைத் துடைத்துப் பாருங்கள்.

கரண்ட். லோட்ஷெடிங் ஆறாம் கட்டம்வரை போன 2022, 2023 காலத்தில் மண்டபங்கள் வாங்கிப்போட்ட ஜெனரேட்டர்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, மிக்சருக்கும் டர்ன்டேபிளுக்கும் கிடையாது. ஒரு சின்ன யுபிஎஸ் வைத்தால் ஜெனரேட்டர் எழும்பும்வரை பாட்டு நிற்காது. ஸ்பீக்கர் ஆம்பை அதில் மாட்டாதீர்கள், தாங்காது. விலை குறைந்த இன்வெர்ட்டர் சிலவற்றில் மின்சார அலை வழவழவென்று வளையாமல் படிக்கட்டாக வரும். அது ஃபோனோவில் ரீங்காரமாகக் கேட்கும். சில பழைய பெல்ட் டிரைவ் பெட்டிகளில் மோட்டார் வேகமே மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைப் பொறுத்தது. ஜெனரேட்டர் 52-இல் ஓடினால் பாட்டும் 4 சதவீதம் முந்தும். குவார்ட்ஸ் பூட்டுள்ள டைரக்ட் டிரைவுக்கு இந்தக் கவலை இல்லை.

லேப்டாப் சேர்ந்த பிறகு மட்டும் 'ம்ம்ம்' என்று சத்தம் வருகிறதா? சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் அது தரைக்கம்பிச் சுற்றில் வந்த வினை. நிற்காவிட்டால் டர்ன்டேபிளின் தரைக்கம்பி மிக்சர் திருகில் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மேடைதான் கடைசி எதிரி. நம் மண்டபங்களில் மரப்பலகை மேடை அதிகம், அதற்குப் பக்கத்திலேயே சப்வூஃபர். பேஸ் மேடையை ஆட்டும், மேடை ஊசியை ஆட்டும், ஊசி அதையே மறுபடி பேஸாக அனுப்பும். சத்தம் ஊளையிட ஆரம்பித்தால் கை நடுங்கும். ஹார்டுவேர் கடையில் தோட்டத்துக்கு விற்கும் சிமென்ட் பலகை இரண்டு, அடியில் தடித்த ஃபோம். டர்ன்டேபிளை அதன் மேல் வைப்பேன். சப்பை மேடையிலிருந்து இறக்கித் தரையில் வைக்கச் சொல்வேன். தூக்குவது கஷ்டம், தம்பிகள் முனகுவார்கள், ஆனால் இதற்குச் சமமாக டர்ன்டேபிளுக்கு அடியில் மாட்டும் எந்த விலையுயர்ந்த காலும் வேலை செய்து நான் பார்க்கவில்லை.

வாங்கும் வரிசை என்று கேட்டால்: ஃபோனோ உள்ள மிக்சர், நல்ல ஊசி, முதலில் ஒரு டர்ன்டேபிள். இன்னொரு பக்கம் லேப்டாப்போ யுஎஸ்பி பிளேயரோ இருந்தால் ஆரம்பிக்கலாம். இரண்டாவது டர்ன்டேபிள் நல்லது கண்ணில் படும்போது வரட்டும். டிவிஎஸ் அதற்கும் பிறகு.

சொந்தமாக எதுவும் தூக்காமல் மண்டபத்துக் கருவியிலேயே போடப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. "எல்லாம் இருக்கு அண்ணா, வாங்க" என்று ஃபோனில் சொல்வார்கள். மிக்சரின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முன்பக்கப் படம் வந்தால், மறுபடி கேளுங்கள்.